ஸ்காபரோவில் ஒரு தும்புத்தடி

கனடாவுக்குப் போய் வந்தவன் என்று அறிந்ததும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "நயாகராவைப் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தேன். ஓர் அரை நாள் நின்று பார்த்து, காது விறைத்துப் போய்த் திரும்பி வந்தேன். அதைப் பற்றி எழுத என்னைவிட வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். என் மனதில் நிற்பது வேறொன்று. டொரொன்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், முதியோர் குடியிருப்பு ஒன்றின் நடைபாதைகளில், விடியுமுன் ஓடித் திரிந்த ஓர் இயந்திரத் தும்புத்தடி.

என் ராத்தாவின் குடும்பம் அங்கே குடியேறி நீண்ட காலமாகிறது. 2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மச்சானுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. "ஒரு தடவ வந்து பார்த்துட்டுப் போ தம்பி" என்று ராத்தா அழுததால், பாடசாலையில் சம்பளமற்ற லீவு எடுத்துக்கொண்டு 2019 ஜனவரியில் புறப்பட்டேன். விமானம் டொரொன்டோவில் இறங்கியபோது இரவு. ஜன்னலால் பார்த்தால், ஓடுபாதையில் பாரிய வாகனங்கள் சில, ஒன்றுக்குப் பக்கமாக மற்றொன்று சற்றுப் பின்தங்கி, சாய்ந்த வரிசையில் வந்துகொண்டிருந்தன. முன்னால் பனியைத் தள்ளும் தகடு. வயிற்றுக்கடியில் உருண்டையான பெரியதொரு துடைப்பம். அந்தத் துடைப்பத்தின் தம்பியோடுதான் அடுத்த இரண்டு மாதங்களும் கழியப் போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

மச்சானின் தொழில், அந்த முதியோர் குடியிருப்பின் வெளிவேலைகளைக் கவனிப்பது. கோடையில் புல் வெட்டுவார். குளிர்காலத்தில் பனி அகற்றுவார். மூன்று கட்டடங்கள், அவற்றை இணைக்கும் செங்கல் பாவிய நடைபாதைகள், பஸ் தரிப்பிடம் வரை ஒரு நீண்ட வழி. பனி கொட்டிய இரவுகளில் அவர் அதிகாலை நான்கு மணிக்கே அங்கு நிற்க வேண்டும். சத்திரசிகிச்சை செய்த மனிதர் அந்தக் குளிரில் தனியே போவதை ராத்தா விரும்பவில்லை. விசிட் விசாவில் போன எனக்கு அங்கு தொழில் செய்ய அனுமதியில்லை. ஆகவே இஞ்சித் தேநீர் நிரப்பிய பிளாஸ்க்குடன், பேச்சுத்துணைக்கு நான் போவதென்று முடிவாயிற்று.

முதல் நாள் அந்த இயந்திரத்தைக் கண்டதும் சிரிப்பு வந்தது. சிறியதொரு டிரக்டர். அதன் முன்னால், ஐந்தடி நீளமான ஓர் உருளை. உருளையைச் சுற்றிலும் கறுப்பு நிற பிளாஸ்டிக் தும்பு. புதிதில் அதன் விட்டம் ஏறத்தாழ இரண்டடி இருக்கும். நம் வீடுகளில் மூலையில் சாத்தி வைக்கும் தும்புத்தடியை யாரோ ஒரு பகடிக்காரர் டிரக்டரில் கட்டிவிட்டது போலிருந்தது. எங்கள் பகுதியில் சூடடிக்கும் மெசினுக்கு டிரக்டரின் சுழல்தண்டிலிருந்து விசை கொடுப்பார்களே, அதே விதமாகவே இதற்கும் விசை போகிறது. சுழல்தண்டிலிருந்து கியர்ப்பெட்டி, அங்கிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியிலிருந்து உருளை. வேறு வகைகளில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் மோட்டார் இருப்பதாக மச்சான் சொன்னார்.

உருளை சுழல்வது டிரக்டரின் சில்லுகள் சுழலும் திசைக்கு மாறாக. அதனால் நிலத்தைத் தொடும் தும்பு முன்னோக்கி வீசுகிறது. உருளையை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்த்துக் கொண்டால் பனி அந்தப் பக்கமாகப் பறந்து போய்ப் புற்றரையில் விழும்.

"இதுக்கு மம்பெட்டி மாதிரி ஒரு தகடு போதாதா மச்சான்?" என்று கேட்டேன். அவர் டிரக்டரிலிருந்து இறங்கி, அயல் கட்டடத்து நடைபாதைக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே தகட்டினால்தான் தள்ளியிருந்தார்கள். பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. காலை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அவர் கையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன்.

விடயம் இதுதான். புதிதாகக் கொட்டிய உலர்ந்த பனி பஞ்சு போன்றது. பத்து சென்ரிமீற்றர் பனியை உருக்கினால் சுமார் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர்தான் கிடைக்கும். மிகுதியெல்லாம் காற்று. அதன்மேல் ஒருவர் நடந்தால் காற்று வெளியேறிப் பனி இறுகுகிறது. பத்துப் பேர் நடந்தால் அது பனியல்ல, கண்ணாடி. தகடு, கற்களின் மேடான இடங்களில் தட்டி மேலே எழும்பும், பள்ளங்களில் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். அந்தப் படலம்தான் இறுகி வழுக்குகிறது. தும்போ கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்குகளிலும் நுழைந்து, தரையை வெறுந்தரையாக்கி விடுகிறது. ஆனால் மனிதக் கால் படுமுன் அது ஓடிவிட வேண்டும். மிதிபட்ட பின் எவ்வளவு கூட்டினாலும் அந்த அடிச்சுவடுகள் போகா. மச்சான் நான்கு மணிக்கே போவதன் இரகசியம் இதுதான்.

"உப்புப் போடலாமே" என்பீர்கள். போடுகிறார்கள். கனடா முழுவதிலும் வருடமொன்றுக்கு ஐம்பது இலட்சம் தொன் அளவில் வீதிகளில் உப்புக் கொட்டப்படுவதாகக் கணக்கு. அது ஆறுகளிலும் மண்ணிலும் சேர்ந்து உயிரினங்களுக்குக் கேடு விளைப்பதாக 2001 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசாங்க ஆய்வு முடிவு செய்துவிட்டது. செங்கல்லும் கொங்கிறீட்டும் அரிக்கப்படுகின்றன. அத்துடன், பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கிவிட்டால் சாதாரண உப்பு வேலை செய்வதும் மிகக் குறைந்து விடுகிறது. நான் அங்கிருந்த பல காலைகளில் குளிர் அதற்கும் கீழேதான் இருந்தது.

தும்புத்தடிக்கும் எல்லை உண்டு. நான்கு அங்குலத்துக்கு மேல் பனி கிடந்தால் முதலில் தகட்டால் தள்ளிவிட்டுப் பின்னர்தான் தும்பு. ஈரப்பனி என்றால் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகச் சுற்றினால் பனி மேலெழுந்து சாரதியின் முகத்திலேயே வந்து அப்பும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமாகவே சாய்க்க வேண்டும். எதிர்க்காற்றில் கூட்டுவது நம் வாசலிலும் கூடாத காரியம்தானே! பனிக்குள் மறைந்து கிடக்கும் சிறு கல் கூடத் தோட்டா போலப் பறக்கும். அதனால் கார்களுக்கும் ஜன்னல்களுக்கும் நேரே வீசக் கூடாது. ஆள் நடமாட்டம் கண்டால் நிறுத்திவிட வேண்டும். உருளையின் அச்சில் கயிறோ ஷொப்பிங் பையோ சுற்றிக் கொண்டால், என்ஜினை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்த பிறகுதான் மச்சான் அதில் கை வைப்பார். குளிர் எத்தனை பாகையாயினும் அதில் மாற்றமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்யும் ஒரு சோதனை. மெல்லிய பனி படிந்த ஓர் இடத்தில் டிரக்டரை நிறுத்தி, நகராமலே தும்பை இறக்கிச் சில விநாடிகள் சுழல விடுவார். பிறகு உயர்த்தி, பின்னால் எடுத்துவிட்டு, கூட்டுப்பட்ட பட்டையை அளப்பார். இரண்டு முதல் நான்கு அங்குல அகலம், இரு முனையிலும் ஒரே அளவு என்றால் சரி. ஒரு முனை ஒடுங்கியிருந்தால் உருளை சரிந்திருக்கிறது. பட்டை அகலமாக இருந்தால் அளவுக்கு மீறி அழுத்துகிறது.

"தும்புட நுனிதான் வேல செய்யணும் மௌலவி. அமத்திப் புடிச்சா தும்பு மடிஞ்சி அதுட வயிறுதான் தேயும். பனி போகாது, தும்புதான் போகும்" என்றார்.

இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். அதைக் கேட்டபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை.

வேலை முடிந்ததும், தும்பை நிலத்திலிருந்து உயர்த்தி ஒரு நிமிடம் வெறுமனே சுழல விடுவார். ஒட்டியிருக்கும் ஈரம் பறந்து போகும். மேல்மூடிக்குள் அப்பிய பனியையும் தட்டி விடுவார். கிரீஸ் அடிப்பார். பின்னர் கொட்டகையில் நிறுத்தி, உருளையின் சட்டத்துக்குக் கீழே இரு மரக்கட்டைகளை வைப்பார். நெருப்புப் போட்ட சூடான கராஜில் வைக்க மாட்டார். அங்கே பனி உருகித் தும்புக்குள் நீராக நிற்கும். மீண்டும் குளிரில் எடுத்ததும் கட்டியாகிவிடும். கட்டைகளுக்கும் காரணம் உண்டு. உயர்த்தி வைத்த உருளை, எண்ணெய் அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைய, இரவோடிரவாகத் தானே கீழே இறங்கி விடும். தும்பின்மேல் அதன் முழுப் பாரமும் இருந்தால் ஒரு பக்கம் சப்பளிந்து போகும்.

சில நாட்களில் அந்தக் கட்டை வைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக் கொண்டேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. அது என் பொறுப்பு என்றே ஆகிவிட்டது.

பெப்ரவரியில் ஒரு மாலை. பகலிலும் பனி கொட்டியதால் இரண்டாம் முறையும் கூட்ட வேண்டி வந்தது. மச்சான் களைத்துப் போயிருந்தார். அந்நேரம் ஊரிலிருந்து எனக்கொரு தொலைபேசி அழைப்பு. பேசிக்கொண்டே கொட்டகையின் கதவைச் சாத்தினேன். "கட்டைய வெச்சீங்களா?" என்று மச்சான் காரிலிருந்து கேட்டார். "ஓம்" என்றேன். பொய் சொல்லவில்லை. வைத்ததாகவே நினைத்தேன். நேற்று வைத்ததை இன்று வைத்ததாக மனம் எடுத்துக் கொண்டது.

மறுநாள் காலை நாலரை மணி. பூச்சியத்துக்குக் கீழே 16 பாகை. இரவில் உருளை இறங்கி, ஈரத் தரையோடு தும்பு உறைந்து போயிருந்தது. கட்டை இருக்கிறதென்ற நம்பிக்கையில் மச்சான் குனிந்து பார்க்காமலே நெம்பை இழுத்தார். காய்ந்த சுள்ளி முறிவது போன்ற சத்தம் கேட்டது. தும்பு கற்றை கற்றையாகத் தரையில் கிடந்தது. மிஞ்சியதில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. சுழற்றினால் தடக் தடக் என்று அடித்தது. வேறு இயந்திரம் இல்லை. பனியோ மூன்று அங்குலம். அதைக் கொண்டே கூட்டினார். கூட்டிய வழியில் கோடு கோடாகப் பனி மிஞ்சியது. மச்சான் கைமம்பெட்டியை எடுத்தார். அவரது நெஞ்சை நினைத்து, விசாவும் கிசாவும் என்று அதை நான் பறித்துக் கொண்டேன். ஐந்தடி அகலத் தும்பு செய்யும் வேலையை ஒரு மம்பெட்டி எப்படிச் செய்யும்? பஸ் தரிப்பிடப் பாதையை எட்டுமுன் ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். உப்புத் தூவினோம். அந்தக் குளிரில் அது சீனிக் கற்கள் போல அப்படியே கிடந்தது.

ஏழு மணிக்குச் சற்றுப் பின், இரண்டாம் கட்டடத்து மூதாட்டி ஒருவர் விழுந்துவிட்டார். நாள்தோறும் அந்த நேரத்தில் பஸ்ஸுக்குப் போகிறவர். மணிக்கட்டு முறிந்தது.

அத்தகைய இடங்களில் பனி அகற்றுபவர்கள் நாட்குறிப்புப் புத்தகமொன்று வைத்திருப்பார்கள். தொடங்கிய நேரம், வெப்பநிலை, போட்ட உப்பின் அளவு எல்லாம் அதில் எழுதப்படும். யாராவது விழுந்து வழக்குப் போட்டால் அதுவே சாட்சி. (2021 ஜனவரி இறுதியிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தில், பனியில் விழுந்து காயமடைந்தவர் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அப்போது அது இல்லை.) மச்சான் அன்று அந்தப் புத்தகத்தில் எழுதியதை நான் வாசித்தேன். நேரம், பாகை, உப்பு. அதன்கீழ் ஆங்கிலத்தில் ஒரு வரி: தும்பு பழுது, இரவில் கட்டை வைக்கப்படவில்லை. யார் வைக்கவில்லை என்று எழுதவில்லை. அந்தப் பெயரில்லாத வரி அவர் தலையில்தான் விடியும் என்பது எனக்கு விளங்கியது. மேலதிகாரியிடம் என்னையும் கூட்டிப் போகும்படி கேட்டேன். "நீங்க மெசினத் தொட்டதே தப்பு மௌலவி. சொன்னா ரெண்டு பேருக்கும் கரச்சல். நெம்ப இழுக்கக்குள்ள குனிஞ்சி பார்க்காதது நான்தானே" என்று முடித்துவிட்டார். அவருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

ஒரு வாரத்தின் பின், ராத்தா சமைத்த கோழி சூப்புடன் அந்த அம்மையாரைப் பார்க்கப் போனோம். என் குற்றத்தை நானே சொன்னேன். மருமகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மையார் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தார். பின்பு சொன்னது இது: "அன்று விடியற்காலை மெசினின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கட்டிலில் கிடந்து கேட்டேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் போனேன்." என்மீது கோபமா, இல்லையா என்று அவர் முகத்தில் வாசிக்க என்னால் இயலவில்லை. சூப்பை வாங்கிக் கொண்டார்.

புதிய தும்பு வர ஒன்பது நாட்களாயின. தும்பு வளையம் வளையமாக வருகிறது. உருளையின் முனையைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கோத்து, இறுக்கிப் பூட்ட வேண்டும். சப்பளிந்த வளையங்களை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்றேன். பழையதும் புதியதும் கலந்தால் உயரம் ஒவ்வாது, உயர்ந்தது மட்டுமே நிலத்தைத் தொடும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றியாக வேண்டும் என்றார் மச்சான். கம்பித் தும்பு கலந்த வளையமும் உண்டாம். இறுகிய பனியை அது சுரண்டும். ஆனால் செங்கல்லைக் கீறும். ஒடிந்த கம்பி டயரிலும் நாய்களின் பாதங்களிலும் ஏறும் என்பதால் அவர் அதை வாங்குவதில்லை.

நான் திரும்புவதற்கு இரு நாட்களின் முன் மீண்டும் பனி கொட்டியது. சோதனைப் பட்டையை மச்சான் அளக்க, நான் டோர்ச் பிடித்தேன். இந்த முனை மூன்று அங்குலம், அந்த முனையும் மூன்று. ஆறரை மணியளவில் பஸ் தரிப்பிடம் வரை செங்கல் தெரிந்தது. நாங்கள் கொட்டகை வாசலில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு இரண்டாம் கட்டடத்துக் கதவு திறந்தது. கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டபடி அந்த அம்மையார் வெளியே வந்தார். வாசலில் நின்று ஒரு காலால் கல்லைத் தேய்த்துப் பார்த்தார். பின்பு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் உள்ளே போய்க் கட்டைகள் இரண்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.