கம்பி கட்டிய காஜா

முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கும் மகாதமனியின் இயல்பான அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். சுவர் தளர்ந்து அது 5.5 சென்டிமீட்டர் அளவுக்கு வீங்கிவிட்டால், வெடிப்பதற்குள் எதையாவது செய்தாக வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாக ஒரு துணிக் குழாயை மடக்கி ஏற்றி, வீக்கத்துக்குள் விரித்துவிடும் முறையை 1990இல் ப்யூனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்து காட்டினார். அதற்கும் முன்பே கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ் மார்புத் தமனியில் இதைச் செய்திருந்தார். உலகம் அவரைத் தாமதமாகத்தான் கவனித்தது. இந்தக் குழாய்க்கு ஸ்டென்ட் கிராஃப்ட் என்று பெயர். பாலியஸ்டர் நெசவுத் துணி, அதை விரித்து நிறுத்தக் கம்பிக் கூடு, இரண்டையும் சேர்க்கக் கைத்தையல், அவ்வளவுதான்.

குழாய் நழுவாமல் நிற்க அதன் மேல்விளிம்பு நல்ல சுவரில் பதிய வேண்டும். பலருக்கு அந்த நல்ல சுவர் இருக்கும் இடத்திலிருந்துதான் இரண்டு சிறுநீரகங்களுக்கும் தமனி பிரிகிறது. துணி அந்த வாய்களை மூடினால் சிறுநீரகம் செத்துப்போகும். ஆகவே வாய்களுக்கு நேராகத் துணியில் ஓட்டை வேண்டும். 1990களின் கடைசியில் இதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தைச் சேர்ந்த மைக்கேல் லாரன்ஸ்-பிரவுனும் டேவிட் ஹார்ட்லியும் முக்கியமானவர்கள். ஹார்ட்லி மருத்துவர் அல்ல, எக்ஸ்ரே தொழில்நுட்பர். அமெரிக்காவில் இத்தகைய கிராஃப்ட்டுக்கு 2012இல்தான் அனுமதி கிடைத்தது. அதில் சிறிய ஓட்டை 6 மில்லிமீட்டர் அகலம், 6 அல்லது 8 மில்லிமீட்டர் உயரம். விளிம்பைச் சுற்றி நிட்டினால் கம்பி வளையம் ஒன்று தைத்திருக்கும். அந்த வளையம்தான் என்னைச் சேத்துப்பட்டுக்கு அழைத்துப் போனது.

சென்னைச் சேத்துப்பட்டு அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. வெளியூர்க்காரர்களுக்கு லூர்து மாதா கோவிலும் நெல் வியாபாரமும் தெரியும். ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கும் சேலைகளில் ஆரணி நகரத்துக்குள் நெய்தவை மட்டும் இல்லை. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரமெங்கும் தறிச் சத்தம் கேட்கிறது. துணியின் விளிம்பைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால், வாழ்நாளெல்லாம் கரை நெய்தவர்களைக் கேட்பதுதானே முறை?

நான் போன வீட்டில் முன்கூடம் முழுவதையும் குழித்தறி பிடித்திருந்தது. தறிக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே, நான் கொண்டுபோன கிராஃப்ட்டை வாங்கிப் பார்த்தார். வேலூரில் ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவர், காலாவதியான ஒன்றை ஒரு கம்பி வளையத்தோடு கொடுத்து, “வெட்டினாலும் பரவாயில்லை” என்று அனுப்பியிருந்தார். தறிக்காரர் வெட்டுமுனையிலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சியில் காட்டினார். அது சுருண்டு கறுத்த மணியாக நின்றது.

“பாலியஸ்டரு” என்று குச்சியை ஊதிப் போட்டார். அவர் பார்வையில் அந்தத் துணியின் மதிப்பு அத்தோடு முடிந்தது. பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், நசுக்கினால் பொடியாகும், உருகாது.

ஆனால் அவர் இளக்காரமாகப் பார்த்த அந்த உருகல்தான் மருத்துவருக்கு வேண்டியிருக்கிறது. கத்தரியால் வெட்டினால் நெசவுத் துணி பிரியும். சூட்டுக்கோலின் நுனியால் சுட்டு ஓட்டை போட்டால் இழைமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு மட்டும் போதாது. ஓட்டை வழியாகச் சிறுநீரகத் தமனிக்குள் இன்னொரு சிறு ஸ்டென்ட்டை நுழைத்து, பலூனை ஊதி, அதன் வாயை ஓட்டை விளிம்பின் மேல் மலர்த்திவிடுவார்கள். துணி அங்கே தாங்க வேண்டும். பிறகு இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கும். சோதனைக்கூடத்தில் பத்து ஆண்டுத் துடிப்பு என்று 40 கோடி தடவை அழுத்திப் பார்க்கிறார்கள். உருகி ஒட்டிய விளிம்பு தனியாக அதைத் தாங்காது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: “இன்னாத்துக்கு தம்பி வெட்டணும்? நெய்யும்போதே சந்து உட்டு நெய்ஞ்சிடலாமே.”

நல்ல கேள்வி. குழாயை எப்படி நெய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார். பாவை மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று பிரித்து, ஊடை நூலை ஓட்டும் நாடாவை ஒரு போக்கு மேலே, ஒரு போக்கு கீழே விட்டால் இரண்டு ஓரத்திலும் ஊடை திரும்பிக்கொள்ளும். தறியில் தட்டையாக இருக்கும். எடுத்து ஊதினால் பை. “ரெண்டு நாடா போட்டா காலு பிரிஞ்சிடும்” என்று கிராஃப்ட்டின் பேன்ட் போன்ற கீழ்ப்பகுதியைக் காட்டினார். தையல் இல்லாத கிராஃப்ட் துணியை ஆலைகளில் நெய்வது ஏறக்குறைய இப்படித்தான், ஜக்கார்டு வைத்து. மூன்று நாடா ஓட்டிச் சேலையின் உடலையும் கரையையும் கோர்வையாக நெய்த கைக்கு இது புதிர் இல்லை.

ஓட்டையை மட்டும் நெசவில் விட முடியாததற்குக் காரணம் மனிதர்கள்தான். ஒருவருக்கு இடது சிறுநீரகத் தமனி இருக்கும் உயரத்தில் இன்னொருவருக்கு இருப்பதில்லை. மருத்துவர் சி.டி. ஸ்கேனிலிருந்து மேல்விளிம்புக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார். சுற்றளவில் எந்தத் திசை என்பதைக் கடிகார முகத்தால் குறிப்பார். இடது தமனி 3 மணிக்கு, வலது 9.30க்கு என்று ஆர்டர் தாளில் இருக்கும். சில மில்லிமீட்டர் தவறினால் ஓட்டை ஒரு பக்கம், தமனி வாய் ஒரு பக்கம். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக அட்டை குத்திப் பாவு ஏற்ற யாராலும் ஆகாது. அதனால் பொதுவாக நெய்து, தனியாக வெட்டுகிறார்கள்.

இனி கம்பி. அதைத் தடியாக வைத்தால் வலுவாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் கிராஃப்ட் முழுவதும் 7 மில்லிமீட்டரை ஒட்டிய உள்விட்டமுள்ள உறைக்குள் மடங்கிப் போக வேண்டும். வளையமும் நசுங்கித்தான் போகும். 0.2 மில்லிமீட்டர் கம்பியை 2 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்கினால் வெளிப்புறம் 5 விழுக்காடு நீள வேண்டும். எவர்சில்வர் கம்பி 1 விழுக்காட்டுக்குள்ளேயே நிரந்தரமாகக் கோணிவிடும். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் 8 விழுக்காடு வரை நீண்டும் பழைய உருவுக்குத் திரும்பும். 1959 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் வேறு எதற்கோ தேடிக் கண்ட உலோகம் அது. கம்பியை அச்சில் சுற்றி 500 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த வட்டத்தையே தன் உருவமாக எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் மெல்லிய கம்பியாகவே வைத்துவிடலாமா? தடிமனைப் பாதியாக்கினால் மடக்கும்போது வரும் நீட்சியும் பாதியாகும். ஆனால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். எனவே ஒரே தடிக் கம்பிக்குப் பதில் மெல்லிய கம்பியைப் பல சுற்று சுற்றுகிறார்கள். வடிவமைப்பாளரின் வேலை பெரும்பாலும் இந்தப் பேரத்தில்தான் கழிகிறது: எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன், முனைகளை எங்கே முடிப்பது. கம்பிமுனையை அப்படியே விட்டால் நாளடைவில் துணியைக் குத்திக் கிழிக்கும். அதைச் சிறு கண்ணியாக வளைத்துத் தையலுக்குள் அடக்க வேண்டும்.

வளையத்தின் ஓரத்தில் தங்கப் புள்ளிகள் தைத்திருந்தன. மெல்லிய நிட்டினால் எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும். அறுவை மேசையில் ஓட்டை எங்கே என்று காட்டத்தான் தங்கம். தறிக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஒரிஜினலா?” என்றார். ஜரிகை நெய்பவரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வெள்ளிக் கம்பியை இழுத்து, தட்டி, சாயமிட்ட பட்டு இழைமேல் சுற்றித் தங்கமுலாம் பூசியது அசல் ஜரிகை. அதற்கென்றே காஞ்சிபுரத்தில் 1971இல் அரசு ஓர் ஆலையைத் தொடங்கியது. துணிக்குள் உலோகத்தை வைத்து, மடித்தாலும் ஒடியாமல் பார்த்துக்கொள்வது இந்த வட்டாரத்துக்குப் புதிய வேலை அல்ல.

அந்த வளையத்தைத் துணியின் விளிம்பில் அவர் மனைவிதான் தைத்துப் பார்த்தார். புதுப் பாவின் நாலாயிரம், ஐயாயிரம் இழையைப் பழைய பாவோடு சாம்பல் தொட்டு, கட்டைவிரலால் உருட்டிப் பிணைக்கிற கை. “காஜா எடுக்கிற மாதிரிதானே” என்று ஊசியில் நூலைக் கோத்தார். சட்டைக்குக் காஜா எடுக்கும் அதே தையல்தான், உள்ளே நூலுக்குப் பதில் கம்பி. முதல் நாலு குத்து விளிம்புக்கு மிக அருகில் விழுந்தது. இழுத்ததும் ஓர் இழை கழன்று வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிரித்துவிட்டு, அடுத்த குத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார், அதற்கடுத்ததை இன்னும் அரை இழை உள்ளே. ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கியது தையல்.

“ஏம்மா அப்படி?”

“வரிசையா ஒரே இழையில குத்துனா அந்த இழையோட கிழிஞ்சிடும் தம்பி. இதுகூடத் தெரியாமலா தறி வீட்ல இருக்கன்?”

பொறியியல் வகுப்பில் இதைத் தகைவு, பரவல் என்று படமெல்லாம் போட்டுச் சொல்வார்கள். தையல் சரியாக வந்தது. உடம்புக்குள் வைக்கும் தரத்துக்கு வந்தது என்று சொல்லமாட்டேன். உருப்பெருக்கிக்குக் கீழே, தூசில்லாத அறையில், ஒவ்வொரு முடிச்சையும் இன்னொருவர் சோதிக்க, மாதக்கணக்கில் பழகிய பிறகு வருவது அந்தத் தரம். எந்த இழையை நம்பலாம் என்ற அறிவு மட்டும் அவரிடம் முன்பே இருந்தது.

ஸ்காட்லாந்தில் இத்தகைய நூலறிவு மருத்துவத்துக்குப் போயிருக்கிறது. பெய்ஸ்லி ஊர் சால்வை நெசவுக்கும் தையல்நூலுக்கும் பேர்போனது. அங்கே வேரூன்றிய நூல் நிறுவனமான கோட்ஸ் பேட்டன்ஸ், 1982இல் வாஸ்குடெக் என்ற பெயரில் செயற்கை ரத்தநாளம் செய்யத் தொடங்கியது. பின்னால் ஜப்பானின் டெருமோ அதை வாங்கியது. பெய்ஸ்லிக்கு அருகே இஞ்சின்னனில் இருக்கும் அந்த ஆலையின் அனகோண்டா கிராஃப்ட்டில் நிட்டினால் கம்பியைப் பல சுற்றாகச் சுற்றிய வளையங்கள்தான் எலும்புக்கூடு. நோயாளிக்கேற்ற ஓட்டைகளின் விளிம்பிலும் நிட்டினால் வளையம்தான். அதே கோட்ஸ்தான் மதுரை ஹார்வி மில்லோடு 1970களில் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. நம் வீட்டுத் தையல்பெட்டியில் கிடக்கும் நூல்கண்டின் தாய்வீடு அங்கே ரத்தநாளம் செய்யப் போனது. இங்கே நூல்கண்டோடு நின்றது.

இந்தியாவில் இந்த ஓட்டை கிராஃப்ட்டுகள் பெரும்பாலும் இறக்குமதி. ஆர்டர் கொடுத்தால் செய்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தாங்காத நோயாளிக்கு, அறுவை அரங்கின் பக்கத்து மேசையில் மருத்துவரே சாதாரண கிராஃப்ட்டை உறையிலிருந்து விரித்து, அளந்து, சுட்டு, வேறு கருவியிலிருந்து வெட்டிய கம்பிக் கண்ணியை விளிம்பில் தைத்து, மறுபடி மடக்கி உறைக்குள் திணிக்கிறார். நோயாளி உள்ளே காத்திருக்க, மணிக்கணக்கில் நடக்கும் தையல் வேலை இது. அவருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது மருத்துவக் கல்லூரி. தறி வீட்டுப் பெண் பார்த்தால் சிலவற்றைத் திருத்துவார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்மால் ஆகாது என்று சொல்வதற்கும் இடமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதை இதயத்தோடு சேர்த்துத் தைப்பதற்கான வளையமும் பாலியஸ்டர் துணிதான். கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் இருக்கிறது.

தறிக்காரரின் மகள் தறியில் உட்காரவில்லை. செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். விடிந்ததும் பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. மாதச் சம்பளம், பி.எஃப். இரண்டும் உண்டு. தறியில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் கழிந்தபிறகுதான் கையில் பணம். அவள் போனதில் தவறு காண எனக்கு வாய் இல்லை. ஆனால் எண்ணிக்கைக் கூலி முறையை அப்படியே கொண்டுபோய் கிராஃப்ட் தையலில் வைத்தால் ஆளைக் கொல்லும். அவசரமாகப் போட்ட ஒரு முடிச்சு போதும்.

பாரம்பரியம் என்று மேடையில் நெசவாளருக்குச் சால்வை போர்த்துவது நமக்குப் பழகிவிட்டது. அதில் ஒரு சல்லிக்காசும் அவர் வீட்டுக்கு வருவதில்லை. சிட்ராவுக்கும் ஸ்ரீசித்திராவுக்கும் உள்நாட்டில் கிராஃப்ட் செய்ய நினைக்கும் நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. தையலுக்கு ஆள் எடுக்கும்போது தொழில்நுட்பப் பட்டயம் கேட்பதோடு நிறுத்தாமல், ஆரணி, சேத்துப்பட்டு, தேவிகாபுரம் பக்கம் வந்து பாவு பிணைக்கும் பெண்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுங்கள். உதவித்தொகையோடு ஆறு மாதம், பிறகு மாதச் சம்பளம், பி.எஃப். ஷூ கம்பெனி தருவதற்கு ஒரு ரூபாயாவது கூட.