எந்த அறையில் தூங்குவீர்கள்?

ஒசாகாவில் குடியேறிய மூன்றாம் வாரம் கதவிடுக்கில் ஒரு படிவம் கிடந்தது. எங்கள் தெரு சோனைகாய் அனுப்பியது. பெயரைக் கேட்டால் ஏதோ நாட்டுக் காய் மாதிரி இருக்கும். அது தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். குப்பை போடும் இடத்தை முறைவைத்துக் கழுவுவது, கோடைத் திருவிழாவுக்கு வசூல், வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கை அட்டை, இவைதான் அதன் ராஜாங்கம். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தார்கள். சரி. கடைசிக் கட்டத்தில், 'இரவில் எந்த அறையில் தூங்குவீர்கள்?' எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு எதற்கய்யா அது என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தேன்.

பதில் அவாஜி தீவில் கிடைத்தது.

கோபேயின் மாய்கோ என்ற இடத்தில் பஸ் ஏறினால் அகாஷி கடற்பாலம் வழியாகத் தீவுக்குப் போய்விடலாம். இரு கோபுரங்களுக்கும் நடுவே 1,990 மீட்டர் என்றுதான் பாலத்தை வரைந்திருந்தார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்குக் கோபே நிலநடுக்கத்தில் நிலம் நகர்ந்தது. இடைவெளி ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடி 1,991 ஆயிற்று. இழுபட்ட கணக்கோடுதான் 1998இல் பாலத்தைத் திறந்தார்கள்.

தீவின் வடக்கே ஹொகுதான். அந்த நிலநடுக்கத்தில் நிலத்தில் வெளிப்பட்ட நொஜிமா பிளவின் 140 மீட்டர் நீளத்தைக் கூரை போட்டு அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நேராக வளர்ந்த செடிவேலி ஒன்று நடுவில் அறுபட்டு, மறுபாதி ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அங்கே வருபவர்களுக்கு நிலநடுக்கக் கதை சொல்லும் பெரியவர் பக்கத்தில் வந்தார். அந்நாளில் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தவராம். படை என்றால் சம்பளக்காரர்கள் இல்லை. வயலிலும் படகிலும் வேலை பார்ப்பவர்கள்.

"இருட்டு, தூசி. ஓடு எது, சுவர் எதுன்னு தெரியலை. ஆனா அந்த வீட்டுப் பாட்டி தெற்கு அறையிலதான் படுப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நேரா அங்கேயே தோண்டினோம்" என்றார். மோப்ப நாயும் இல்லை, ஆளைத் தேடும் கருவியும் இல்லை. கார் ஜாக்கி, ரம்பம், கடப்பாரை, அவ்வளவே. ஹொகுதானில் இடிபாட்டில் சிக்கிய சுமார் 300 பேரையும் அன்று மாலைக்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். 39 பேர் இறந்தார்கள். ஆனால் காணாமல் போனவர் என்று ஒருவரும் இல்லை.

மறுநாள் கோபேயின் நகாதா பகுதிக்குப் போனேன். அதே நிலநடுக்கத்தில் தீயில் வெந்த பேட்டை அது. குழாயில் தண்ணீர் இல்லாமல் தெருத் தெருவாக எரிந்தது. அங்கே மானோ என்ற வட்டாரத்தில் குடியிருப்பாளர்கள் வாளி வரிசை நின்றார்கள். மிட்சுபோஷி பெல்டிங் ஆலையின் தீயணைப்பு ஆட்கள் குழாயோடு வந்து சேர்ந்தார்கள். தீ பரவாமல் நின்றது. வானத்திலிருந்து குதித்த ஒற்றுமை இல்லை. 1960களிலிருந்தே ஆலை மாசை எதிர்த்துக் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்துப் பழகிய தெருக்கள். யார் முதலில் கத்துவார், யார் பேச்சுக்கு மற்றவர் அடங்குவார் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

கோபேயும் சுற்றுப்புறமும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் போர்வையை விரித்து அதையே வீடு என்றார்கள். சோற்றுருண்டை பங்கிடுவதைவிடக் கக்கூஸ்தான் பெரும்பாடு. நீச்சல்குளத்து நீரை வாளியில் மொண்டு ஊற்ற முறை வைக்கவேண்டும். குப்பைக்கு முறை போட்டுப் பழகியவர்களுக்கு இதற்குப் புதுப் பாடம் தேவைப்படவில்லை.

பிறகு நடந்ததுதான் மனதை அறுக்கிறது. தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை. கேட்பதற்கு நியாயம்தான். ஆனால் ஒரே தெருவில் நாற்பது வருஷம் இருந்த கிழவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். கதவைத் தட்ட ஆளில்லை. தனியே செத்துக் கிடந்து பிறகு தெரியவந்தவர்கள் அந்த வீடுகளில் இருநூறுக்கு மேல். நிலநடுக்கம் பிழைக்கவிட்டவர்களைக் குலுக்கல் சீட்டு தின்றது என்பேன். 2004இல் நீகாத்தாவில் நிலநடுக்கத்தால் யமகோஷி மலைக்கிராமம் சரிந்தபோது இந்தத் தவறைச் செய்யவில்லை; சிற்றூர் சிற்றூராகச் சேர்த்தே குடியமர்த்தினார்கள்.

ஒசாகா திரும்பிய வாரம் குப்பைக் கூண்டைக் கழுவும் முறை என்னுடையது. சங்கத்துப் பாட்டியம்மா துடைப்பத்தோடு வந்தார்.

"அந்தக் கட்டத்தை விட்டுட்டேன். கிழக்கு அறையில் தூங்குறேன்" என்றேன்.

பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"தலை எந்தப் பக்கம்?"

நான் விழித்தேன்.

"தோண்டும்போது தெரியணும் இல்லையா? வடக்கே வைக்கிறதில்லையே? அது பிணத்துக்கு."

"எங்க ஊரிலும் வடக்கே வைக்கமாட்டோம். தெற்கேதான்."

"நல்லது" என்று 'தெற்கு' என எழுதிவிட்டு, ஹோஸ் குழாயை என்னிடம் நீட்டினார்.