பிரதி இரண்டு, வாசகர் ஒருவர்

ஏடுகளைப் பெயர்த்தெழுதியவர்களின் முதல் நோக்கம் காப்பதே. கரையானுக்கோ நெருப்புக்கோ ஒரு சுவடி இரையானாலும் மற்றொன்று எங்கேனும் பிழைத்திருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததும் பிரதிகள் பல இடங்களில் எஞ்சியிருந்தமையால்தான். ஆனால், பிரதி பெருகினால் வாசிப்பும் விரைவுபெறுமா? இக்கேள்வியை நமக்குள் எழுப்பியது ஒரு பழைய கணினி.

ஆர்.கே.பேட்டையில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சிறியதொரு வாசிப்பறை நடத்தி வருகிறோம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களோடு, சுற்றுவட்டாரக் கூத்துக் கலைஞர்களின் வீடுகளில் படமெடுத்த கையெழுத்துக் குறிப்பேடுகளும் அக்கணினியில் உள்ளன. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறியதே தவிர வீட்டுப் பேச்சு மாறவில்லை. ஆகவே சில குறிப்பேடுகளில் தமிழ்ப் பாட்டுக்கு நடுவே தெலுங்கு வசனம் வரும். அவற்றுக்கு வேறு பிரதி இருப்பதாக நாம் அறியோம்.

எனவே இரண்டு வன்தட்டுகளை ‘ரெய்ட் 1’ முறையில் இணைத்தோம். ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். மலிவான தட்டுகள் பலவற்றை அணிசேர்க்கும் இக்கருத்தை 1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் முறைப்படுத்தி எழுதினர். தனிக் கட்டுப்பாட்டு அட்டை எதுவுமின்றி இயங்குதளமே இதனைச் செய்வது மென்பொருள் ரெய்ட். லினக்ஸில் இது விலையின்றிக் கிடைக்கிறது.

தட்டு இரண்டானால் படிக்கும் வேகமும் இரட்டிக்கும் என்றே எதிர்பார்த்தோம். பெரிய கோப்பொன்றைத் திறந்து பார்த்தபோது வேகம் ஒற்றைத் தட்டின் வேகமாகவே இருந்தது. காரணம் எளியது. தொடர்ச்சியான ஒரே வாசிப்பை லினக்ஸ் ஒரு தட்டிலிருந்தே நடத்துகிறது. ஒருபக்கம் விட்டு ஒருபக்கமாக இரு தட்டுகளும் பங்கிட்டுப் படித்தாலும் பயனில்லை. விட்ட பகுதியும் சுழன்று வாசிப்பு முனையைக் கடந்தே ஆகவேண்டும். ஒரே நூலின் இரு பிரதிகளைக் கையில் வைத்திருப்பவர் இருமடங்கு விரைவாகப் படித்துவிடுவதில்லை அல்லவா?

இரண்டாவது வாசகர் வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். தட்டு ஒன்றே இருந்து வாசகர் இருவரானால், முனை இருவருக்குமிடையே ஓடியோடிக் காத்திருந்தே பொழுதைப் போக்கும். தட்டுகள் இரண்டானால் ஆளுக்கொன்று. பிரதியின் வேகம் வாசகர் கூட்டத்தில்தான் வெளிப்படுகிறது.

நண்பர் ஒருவர் ‘ரெய்ட் 0’ முறையைப் பரிந்துரைத்தார். கோப்பைத் துண்டாக்கி இரு தட்டுகளிலும் மாறிமாறி வைப்பது அது. தனி வாசகருக்கும் ஏறத்தாழ இருமடங்கு வேகம் கிட்டும். ஆனால் ஒற்றைப்படை ஏடுகளை ஒரு மடத்திலும் இரட்டைப்படை ஏடுகளை இன்னொரு மடத்திலும் வைப்பது போன்றது. ஒன்று அழிந்தால் எஞ்சியது நூலாகாது. லினக்ஸின் ‘ரெய்ட் 10’இல் தொலை அமைப்பு என்றொரு வழி உண்டு. ஒவ்வொரு துண்டின் பிரதியும் மற்றத் தட்டின் பிற்பாதியில் தள்ளி வைக்கப்படுவதால் காப்பும் கிட்டும், தனி வாசகருக்கு வேகமும் கிட்டும், எழுதுவதுதான் தாமதமாகும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் இடங்களுக்கு ஏற்றது.

நாம் ரெய்ட் 1இலேயே நின்றோம். எந்தத் தட்டைத் தனியே எடுத்தாலும் நூல் முழுதாய், வரிசையாய் இருக்கும் என்பதே காரணம். இவ்விரட்டைக்கும் ஓர் எல்லை உண்டு: தவறுதலாக அழித்தால் அந்த அழிவும் இரண்டிலும் உண்மையாகப் பிரதியாகும். மடங்கள்தோறும் சிதறிக் கிடந்த சுவடிகளுக்கு இருந்த பாதுகாப்பு ஒரே பெட்டிக்குள் வராது. ஆகவே மூன்றாவது பிரதி திருத்தணியில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது.

இப்போது நமக்கிருக்கும் கவலை வன்தட்டைப் பற்றியதன்று. விசைத்தறிகள் ஓயாத இவ்வூரில் மாலை வேளைகளில் பெரும்பாலும் ஒருவரே வந்து ஒரு குறிப்பேட்டைத் திறக்கிறார். முதல் தட்டு அவருக்காக உழைக்கிறது. இரண்டாவது, படிப்பாரின்றிச் சும்மா சுழல்கிறது. அதன் வேகத்தைக் கூட்டும் கட்டளை எதுவும் லினக்ஸில் இல்லை. இன்னொரு வாசகர் வரவேண்டும்.