தலையணை இல்லாத முப்பது நாள்

அப்பாவின் வலக்கண்ணில், விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை விட்டிருந்தார்கள். குமிழி மேல்நோக்கி மிதந்து ஓட்டையை அழுத்தி மூட வேண்டும். ஓட்டை இருப்பதோ கண்ணின் பின்சுவரில். அதனால் ஆள் குப்புறப் படுக்கணும். “அஞ்சு நாள். சாப்பிடும்போதும் தலை குனிஞ்சே இருக்கணும்” என்றார் டாக்டர்.

காவலுக்கு நான். மடியில் லேப்டாப். அவர் அசைந்தாலே “அப்பா, தலை” என்பேன். மூன்றாம் நாள் ராத்திரி, “ஒரு நிமிஷம் நிமிர்ந்துக்கிறேன்டா, முடியல” என்றார். கத்திவிட்டேன். “அஞ்சு நாள்கூட உங்களால முடியாதா?”

அப்புறம் தூக்கம் வரவில்லை. கண், படுக்கை என்று எதையோ தேடப்போய் விண்வெளி வீரர்களிடம் வந்து நின்றேன்.

ஆறு மாதம் விண்வெளியில் இருந்தவர்கள் சிலருக்குப் பார்வை நரம்பின் முனை வீங்குகிறது, கண்கோளத்தின் பின்பக்கம் தட்டையாகிறது, கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது. 2011-இல் 7 வீரர்களை வைத்து இதை விரிவாக எழுதினார்கள். எல்லாரையும் மேலே அனுப்பிச் சோதிக்க முடியாதே. அதனால் 2017-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், அந்நாட்டு விண்வெளி மையத்தில், 11 பேரை 30 நாள் படுக்க வைத்தார்கள். கட்டில் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்திருக்கும். கணக்குப் போட்டேன்: ஆறடிக் கட்டிலில் ஏழரை அங்குலம். தின்பது, குளிப்பது எல்லாம் படுத்தபடியே. தலையணை கிடையாது.

5 பேருக்குப் பார்வை நரம்பு முனை வீங்கியது. தலையணை அனுமதித்த முந்தைய ஆய்வுகளில் இந்த வீக்கம் தென்படவில்லை. இந்த முறை அறைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டியிருந்தார்கள், அதனால் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது. 2019-இல் அங்கேயே சாதாரணக் காற்றில் 60 நாள் படுக்க வைத்தபோதும் வீக்கம் வந்தது.

கட்டில் விண்வெளி ஆகிவிடாது. வீரர்களுக்கு விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தநாளப் படலமும் தடிக்கிறது, கட்டிலில் கிடந்தவர்களுக்கு அது தடிக்கவில்லை. டெஸ்ட் சர்வரில் வரும் பிழையும் லைவில் வரும் பிழையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல என்பது எங்கள் தொழிலில் தினசரிப் பாடம்.

என்னை நிறுத்தியது இன்னொரு ஆய்வு. புற்றுநோய் சிகிச்சைக்காகத் தலைக்குள் குழாய் பொருத்தியிருந்த 8 பேரை, சில நொடிகள் எடையின்மை தரும் விமானத்தில் ஏற்றி, மூளையைச் சுற்றியுள்ள அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். அழுத்தம் எகிறவில்லை. தரையில் படுத்திருப்பதைவிடக் குறைவுதான். ஆனால் நிமிர்ந்திருக்கும்போது இறங்கும் அளவுக்கு இறங்கவில்லை. நாம் தினமும் காலையில் எழுந்து நிற்கிறோம், தலைக்குள் பாரம் இறங்குகிறது. விண்வெளியில் அந்தக் காலை வருவதே இல்லை. பெரிய சுமையைவிட, இறக்கி வைக்க முடியாத சின்னச் சுமைதான் கண்ணைக் கெடுக்கிறதோ என்று தோன்றியது.

அப்பா விழித்துத்தான் கிடந்தார். டாக்டர் சொன்னதை நான் மாற்ற முடியாது. அவருடைய குமிழிக்குக் குனிந்த தலை வேண்டும், புவியீர்ப்பு வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டேன். “அங்கதான்டா” என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் நிமிரலாம் என்றார்கள். “கண்ணுக்குள்ள தண்ணி ஆடுதுடா” என்று சொல்லிக்கொண்டே பால்கனியில் வெகுநேரம் நின்றார். ஓட்டை மூடிவிட்டது என்று அப்புறம் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தலையணையை எடுத்துவிட்டு, கட்டிலின் கால்பக்கம் செங்கல் வைத்துப் படுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தாங்கவில்லை.