முட்டி பார்க்கும் திசை

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் அடுத்த இதழின் மூலையில் இரண்டு வரி திருத்தம் போட்டு விடலாம். நான் செய்த ஒரு பிழை இன்னொருவரின் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு எந்த மூலையில் திருத்தம் போடுவது?

சில ஆண்டுகளுக்கு முன், ஓட்டக்காரர்களுக்கான உடற்பயிற்சிக் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தேன். ஸ்குவாட் பற்றியது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஸ்குவாட் என்று அப்படியே எழுத மனம் வருமா? 'குந்தி எழும் பயிற்சி' என்று பெயர் சூட்டினேன். நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் வெகுகாலமாகப் புழங்கும் 'பஸ்கி' என்ற சொல் காதில் ஒலித்தது. கொச்சை என்று ஒதுக்கினேன். அது சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய பிழை அதற்கு அடுத்த பத்தியில் இருந்தது. முட்டியும் கால்விரல்களும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்றது மூலம். 'முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது' என்று எழுதிவிட்டேன். அப்படியொரு விதியை எங்கோ கேட்டிருந்தேன். மூலத்தை விட்டுவிட்டு என் ஞாபகத்தை மொழிபெயர்த்திருக்கிறேன்.

தில்லி நேரு பூங்காவில் ஞாயிறு காலைகளில் ஓடும் கூட்டத்தில் நானும் ஒருவன். நாற்பதைத் தாண்டிய பிறகு வந்த பழக்கம். எங்களோடு ஓடும் திருநெல்வேலிக்கார அம்மா ஒருவர் மத்திய அரசு அதிகாரி, வயது 52. 2005இல் தொடங்கிய தில்லி அரை மாரத்தானில், 21 கிலோமீட்டரும் ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீங்க எழுதினபடிதான் தம்பி செஞ்சேன்" என்றார். கைப்பையிலிருந்து என் கட்டுரை வெளியே வந்தது. அந்த வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

செய்தது எப்படி என்று கேட்டோம். பாரமில்லாமல், பாதி தூரம் இறங்கிக் காட்டினார். நெடிய கால்கள் அவருக்கு. முட்டியை முன்னே விடாமல் இறங்க, இடுப்பு வெகுவாகப் பின்னே போயிற்று. விழாமலிருக்க உடம்பு முன்னே கவிழ்ந்தது. முட்டிக்கு மிச்சம் பிடித்த பாரத்தைக் கீழ்முதுகு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஜிம்மில் தோள் மேல் 20 கிலோ கம்பி வேறு இருந்திருக்கிறது. தசைப்பிடிப்பு, ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஆண்டு அவர் ஓடவில்லை.

எங்கள் பயிற்சியாளர் ரோத்தக்கைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர். அந்த அம்மா குணமாகி வந்ததும், "எழுதியவர் முதலில் செய்யட்டும்" என்றார் இந்தியில். செய்தேன். குதிகால் தூக்கிக்கொண்டது. சிறுவயதில் மணிக்கணக்கில் குத்தவைத்துக் கோலி ஆடியவன் நான். இருபது வருட நாற்காலி கணுக்காலை இறுக்கிவிட்டது. குதிகாலுக்கு அடியில் மெல்லிய பலகை ஒன்றைச் செருகினார்.

பூங்கா பெஞ்சுதான் பள்ளிக்கூடம். அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, இடுப்பையும் முட்டியையும் ஒருசேர மடக்கி மெதுவாக இறங்க வேண்டும். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றிலும் பாரம் இருக்க வேண்டும். முட்டி விரலைத் தாண்டினால் தாண்டட்டும். உள்பக்கம் சாயக் கூடாது. பெஞ்சைத் தொட்டதும் தரையை மிதித்துத் தள்ளி எழ வேண்டும். எட்டு எட்டாக மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள். நெடுந்தூரம் ஓடுவதற்கு முந்தின நாள் வேண்டாம்.

ஓடுகிறவனுக்கு இது எதற்கு? ஓட்டம் என்பதே ஒற்றைக்காலில் வந்து இறங்கும் தாவல்களின் வரிசை. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. தொடையும் இடுப்பும் வலுவாக இருந்தால் அந்த வேலையில் பங்கெடுக்கும்.

எங்களுக்கெல்லாம் கிலோமீட்டரை எண்ணியே பழக்கம். எதையும் எண்ணி முடிக்க அவசரம். ஆறாவது முறை அந்த அம்மாவின் முட்டி உள்ளே சாய்ந்தது. "போதும்" என்றார் பயிற்சியாளர். "இன்னும் ரெண்டு இருக்கே" என்றார் அம்மா. வடிவம் குலைந்த இடத்தில் கணக்கு முடிந்தது என்றார் அவர். மறுவாரம் ஏழு வந்தது. அதற்கடுத்த வாரம் எட்டு.

அடுத்த ஆண்டு 21 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். அன்று மாலை பழைய கட்டுரையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டு, 'முட்டி, கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும்' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர் தலைப்பைச் சுட்டிக்காட்டினார்.

"இதையும் மாத்துங்க. பஸ்கின்னு போட்டிருந்தா நான் ஏமாந்திருக்க மாட்டேன். எங்கப்பா தினமும் நூறு பஸ்கி எடுப்பார். அவர் முட்டி விரலைத் தாண்டாம நான் பார்த்ததே இல்ல தம்பி."