துரோகி என்ற பெயரும் பிளம் பூத்த குன்றும்

ஜப்பானை எதிர்த்து உயிர்விட்ட தளபதி ஜாங் ஸிஜோங்கின் கல்லறை, சோங்கிங் நகரின் ஓரத்தில் அமைதியாக இருக்கிறது. அவர் வாழ்க்கையில் அமைதி இருந்ததில்லை.

சோங்கிங்கில் சமதளமான தெருவைக் காண்பது அபூர்வம். யாங்சே நதியும் ஜியாலிங் நதியும் கலக்கும் இடத்தில், பாறை மேல் பாறையாக ஏறி நிற்கும் மேற்குச் சீன நகரம் அது. ஒரு கட்டிடத்தின் பத்தாவது மாடியிலிருந்து வெளியே வந்தால் அங்கும் ஒரு தெரு இருக்கும். இந்த நெரிசலிலிருந்து தப்ப வேண்டுமானால் 6வது தட மெட்ரோவில் ஏறி வடக்கே போக வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பெய்பெய். ஜியாலிங் நதிக்கரையில் மரங்கள் அடர்ந்த சின்ன ஊர். அங்கே ஒரு குன்றுச் சரிவில் இருக்கிறது ஜாங் ஸிஜோங்கின் கல்லறை.

சீனர்கள் அந்தக் குன்றை மெய்ஹுவாஷான் என்கிறார்கள். பிளம் மலர்க் குன்று என்று பொருள். பழைய பெயர் வேறு. பெயரை மாற்றியவர் ஜாங்கின் முன்னாள் மேலதிகாரியான மார்ஷல் ஃபெங் யூஷியாங். அவரே பிளம் மரங்களையும் நட்டார். அதற்குக் காரணம் இருந்தது. 1645ல் மஞ்சூப் படைகளிடமிருந்து யாங்ஜோ நகரைக் காக்கப் போராடி மாண்டவர் மிங் வம்சத்து அமைச்சர் ஷி கெஃபா. அவருக்கு யாங்ஜோவில் ஒரு பிளம் மலர் மேட்டில்தான் நினைவுக் கல்லறை. கொட்டும் குளிரில், இலைகூட வராத கிளையில் பூப்பது பிளம். உறுதிக்கு அதைவிட நல்ல அடையாளம் சீனர்களுக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் குன்றில் உறங்குபவரை ஒரு காலத்தில் நாடே துரோகி என்று தூற்றியது. கதையின் வலியே அதுதான்.

ஷாண்டோங் மாகாணத்தின் லின்சிங்கில் 1891ல் பிறந்தவர் ஜாங். சட்டம் படிக்கப் போய், பாதியில் விட்டு, ராணுவத்தில் சேர்ந்தார். 1936ல் தியான்ஜின் நகர மேயர். வடக்குச் சீனாவில் ஜப்பானியர் ஏற்கனவே கால் ஊன்றிவிட்ட நேரம். அவர்களோடு தினமும் முகம் கொடுத்துப் பேசியாக வேண்டிய பதவி அது. 1937 வசந்த காலத்தில் ஒரு குழுவுடன் ஜப்பானுக்கே போய் வந்தார். சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த ஜூலையில், பெய்பிங் என்று அப்போது அழைக்கப்பட்ட பெய்ஜிங்கின் அருகே, மார்கோ போலோ பாலத்தில் போர் வெடித்தது. மாத இறுதியில் 29வது ராணுவத்தின் தளபதி சோங் ஜெயுவான் நகரை விட்டுப் பின்வாங்கினார். போகும்போது பொறுப்பை ஜாங்கிடம் விட்டுச் சென்றார். ஜப்பானியரோடு பேச்சு நடத்திக் காலம் கடத்த யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். மற்றவர்கள் வீரர்கள் ஆவார்கள், தான் மட்டும் துரோகி ஆகிவிடுவேன் என்று அப்போதே சகாவிடம் சொன்னார் ஜாங். அப்படியே நடந்தது. அவர் பெயரில் 'விசுவாசம்' என்ற பொருள்படும் எழுத்து உண்டு. பத்திரிகைகள் அதை வைத்தே கிண்டல் செய்தன.

பத்துப் பன்னிரண்டு நாட்களில் மேயர் நாற்காலியைத் துறந்தார். தலைமறைவானார். செப்டம்பரில் மாறுவேடத்தில் நகரிலிருந்து தப்பி, தியான்ஜின் போய், கப்பலில் தெற்கே வந்து சேர்ந்தார். வரவேற்க மாலை இல்லை, வசைதான். விசாரிக்க வேண்டும் என்றது ஒரு கூட்டம். ஃபெங்கும் தளபதி லி ஸோங்ரெனும் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். ஆண்டு இறுதியில் மீண்டும் தன் பழைய வீரர்களிடம் போய்ச் சேர முடிந்தது.

அடுத்த சோதனை லின்யி. 1938 மார்ச். ஷாண்டோங்கில் இருந்த அந்தச் சிற்றூரை ஜப்பானின் 5வது டிவிஷன் நெருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே சிக்கியிருந்தவர் தளபதி பாங் பிங்ஷூன். 1930 உள்நாட்டுப் போரில் கட்சி மாறி, ஜாங்கின் படையையே திடீரென்று தாக்கியவர். ஜாங்குக்கு ஆறாத புண் அது. காப்பாற்றப் போ என்று உத்தரவு வந்தபோது மறுக்கவில்லை. ஒரு பகல், ஓர் இரவில் சுமார் 90 கி.மீ. நடத்திப் படையைக் கொண்டுபோனார். லின்யி தப்பியது. அடுத்த மாதம் தாய்அர்ஜுவாங்கில் சீனா பெற்ற பெரும் வெற்றிக்கு இது வழிவகுத்தது. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காப்பாற்றப்பட்ட பாங், 1943ல் ஜப்பானியரிடம் சரணடைந்து அவர்கள் பக்கமே போனார். துரோகி என்ற சொல் எவர் நெற்றிக்கு உரியது என்பதை வரலாறு இப்படித்தான் மெதுவாக முடிவு செய்கிறது.

1940 மே. ஹூபெய் மாகாணத்தில் ஜப்பானியர் பெரும் தாக்குதலைத் தொடங்கினர். ஜாங் அப்போது 33வது படைத்தொகுதியின் தலைமைத் தளபதி. ஹான் நதியின் மேற்குக் கரையிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் கிழக்குக் கரைக்குத் தானே போவதாக முடிவெடுத்தார். துணைத் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்லதோ கெட்டதோ, மனசாட்சிக்கு ஆறுதல் கிடைக்கும். இது தற்காலிகப் பிரிவா நிரந்தரப் பிரிவா தெரியாது என்பது அதன் சாரம். சுமார் 2,000 பேருடன் ஆற்றைக் கடந்தார்.

அவரது ரேடியோ செய்திகளை ஜப்பானியர் இடைமறித்து இருப்பிடத்தைக் கண்டுபிடித்தனர். யிசெங் அருகே நான்குவாதியான் என்ற இடத்தில், மலைச் சரிவுகளுக்கு நடுவே அவரது சிறு படை சுற்றி வளைக்கப்பட்டது. பீரங்கி, விமானம், எண்ணிக்கை மூன்றும் எதிரியின் பக்கம். மே 16 பிற்பகலில், உடம்பு முழுக்கக் காயங்களோடு ஜாங் விழுந்தார். வயது 48. எட்டாண்டுப் போரில் படைத்தொகுதித் தளபதி என்ற நிலையில் களத்திலேயே உயிர்விட்டவர்கள் சீனத் தரப்பில் இரண்டே பேர். அவர் முதலாமவர். இறந்தவர் யாரென்று தெரிந்ததும் ஜப்பானியர் உடலைச் சவப்பெட்டியில் வைத்து மரியாதையோடு புதைத்தனர். அவரது பழைய 38வது டிவிஷன் வீரர்கள் தேடிப் போய் அதை மீட்டு வந்தார்கள்.

அங்கிருந்து யிசாங் துறைமுகம். பிறகு கப்பலில், யாங்சேயின் புகழ்பெற்ற மலையிடுக்குகள் வழியாக சோங்கிங். யிசாங்கில் கரையெங்கும் ஜனத்திரள். தலைக்கு மேல் எதிரி விமானங்கள் வந்தபோதும் கூட்டம் கலையவில்லை என்று சொல்கிறார்கள். மே 28 அன்று சோங்கிங் படித்துறையில் சியாங் கைஷேக்கே கப்பலில் ஏறி அஞ்சலி செலுத்தினார். மூன்றாண்டு முன்பு வசைபாடிய தேசம் தெருவில் நின்று அழுதது. நவம்பரில் பெய்பெய் குன்றில் அடக்கம்.

அந்த நாளைய சோங்கிங், தலைநகரை இழந்த அரசின் புகலிடம். வானத்திலிருந்து ஓயாமல் குண்டு விழுந்த நகரம். இந்தியருக்கும் இந்தப் பாதை முற்றிலும் அந்நியமல்ல. ஷோலாப்பூர்க்காரரான டாக்டர் கோட்னிஸ் இடம்பெற்ற இந்திய மருத்துவக் குழு 1938 இறுதியில் யிசாங், சோங்கிங் வழியாகத்தான் வடக்கே போனது. 1939 ஆகஸ்டில் நேரு சோங்கிங் வந்தபோது, அபாயச் சங்கு ஒலிக்க, அவரும் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டியிருந்தது.

பெய்பெய்க்கும் அப்போது ஒரு தனி மவுசு. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகம் இங்கேதான் இடம்பெயர்ந்து வந்தது. நாவலாசிரியர் லாவ் ஷ இங்கே வாழ்ந்தார். கட்டுரையாளர் லியாங் ஷிசியுவும் இங்கேதான் இருந்தார். 1940 தொடக்கத்தில் போர்முனைக்குப் போன குழுவில் ஒருவராக ஜாங்கை நேரில் கண்டவர் அவர். தளபதியின் தலைமையகத்தில் கண்ட எளிமையை அவரால் மறக்க முடியவில்லை. சில மாதங்களில் அந்த மனிதரே தன் ஊர்க் குன்றுக்குச் சவப்பெட்டியில் வந்து சேர்ந்தார்.

கல்லறை முன் நிற்பவர் மனதில் சங்கடமான ஒரு கேள்வி எழாமல் இருக்காது. அந்த மரணத்தால் என்ன பயன்? போர்முனை நிலைக்கவில்லை. சவப்பெட்டி கடந்துபோன யிசாங், ஜூன் மாதமே ஜப்பானியர் வசமானது. ஒரு படைத்தொகுதியின் தளபதி, சில ஆயிரம் பேரோடு ஆற்றைக் கடந்திருக்கத்தான் வேண்டுமா? தன் மேல் படிந்த கறையைக் கழுவ ரத்தத்தைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லையா? ராணுவக் கணக்கில் இதற்கு விடை சுலபமல்ல. ஆனால் தோல்வி மேல் தோல்வியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு தேசத்துக்கு, முன்னால் போன ஒரு தளபதி தேவைப்பட்டார். அந்தத் தேவையை அவர் மரணம் நிறைவேற்றியது.

அவர் கோமிங்டாங் அரசின் தளபதி. ஆனாலும் சூ என்லாய் அவரைப் போற்றி எழுதினார். 1982ல் கம்யூனிஸ்ட் சீனாவும் அவரைப் புரட்சித் தியாகி என்று அங்கீகரித்தது. ஒருவரையொருவர் ஒப்புக்கொள்ளாத இரண்டு அரசுகள் ஒப்புக்கொண்ட சொற்ப மனிதர்களில் அவரும் ஒருவர்.

பெய்ஜிங்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 2007ல் 5வது தட மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அந்தச் சாலையடியில் ஒரு நிலையமும் வந்தது. ரயில் நெருங்கும்போதெல்லாம் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்கிறது. அலுவலகம் போகும் அவசரத்தில் யாரும் தலை நிமிர்வதில்லை. 1937ல் சில நாட்கள் அவர் மேயராக இருந்து, துரோகிப் பட்டம் வாங்கிய அதே நகரம்தான் அது.