ஜல்சாகர்: கங்கைக் கரையில் இன்னும் நிற்கும் அந்த ஜமீன் வீடு!

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள், ‘ஆயிரம் கதவு’ ஹசார்துவாரி அரண்மனையோடு திரும்பிவிடுவது வழக்கம். அதே மாவட்டத்தில், வடக்கே கங்கைக் கரையில் இருக்கிறது நிம்திதா. அங்கே காரை பெயர்ந்து, செடி முளைத்து நிற்கும் ஒரு ஜமீன் மாளிகையைத் தேடி வருபவர்கள் சினிமா ரசிகர்கள்தான். சத்யஜித் ரேயின் ‘ஜல்சாகர்’ (1958) படமாக்கப்பட்ட வீடு அது.

சொத்து கரைந்த பிறகும் சங்கீதக் கச்சேரியை விடாத ஜமீன்தார் விஸ்வம்பர் ராய்தான் கதையின் நாயகன். மொட்டைமாடி நாற்காலியில் அமர்ந்து, இது என்ன மாதம் என்று வேலைக்காரரிடம் கேட்கும் முதல் காட்சியிலேயே அவர் உலகம் நின்றுபோனது புரிந்துவிடும். சபி பிஸ்வாஸ் அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் புதுப்பணக்காரரின் லாரி கிளப்பும் புழுதியில் ஜமீனின் யானை மறைந்துபோகும் ஒரு காட்சி போதும், மொத்தக் கதையையும் சொல்ல!

டீக்கடையில் கிடைத்த துப்பு

படத்துக்கு ஏற்ற மாளிகை கிடைக்காமல் ரே அலைந்தார். சுமார் 30 அரண்மனைகளைப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை. லால்கோலாவில் ஒரு டீக்கடையில் இருந்த முதியவர்தான், ‘நிம்திதாவைப் பாருங்கள்’ என்றார். போய்ப் பார்த்ததும் ரே முடிவுசெய்துவிட்டார்.

கதையை எழுதிய தாராசங்கர் பந்தோபாத்யாயாவிடம் இடத்தின் பெயரைச் சொன்னபோதுதான் ஆச்சர்யம் காத்திருந்தது. அவர் நிம்திதாவுக்குப் போனதே இல்லை. ஆனால், சங்கீதப் பித்தரான நிம்திதா ஜமீன்தார் உபேந்திர நாராயண் சௌத்ரியை மனதில் வைத்துத்தான் விஸ்வம்பர் ராயைப் படைத்திருந்தார். கதை, தன் சொந்த வீட்டையே தேடி வந்துவிட்டது!

வீட்டில் இல்லாத கச்சேரி அறை

சரவிளக்கு தொங்கும் அந்தப் புகழ்பெற்ற கச்சேரி அறையை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கொல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட் அது. பேகம் அக்தர் பாடியதும், ரோஷன் குமாரி ஆடியதும் அந்த அறையில்தான். இசை, சிதார் மேதை விலாயத் கான். மாளிகையின் முகப்பும் தூண்களும் ஆற்றங்கரை வெளியும் மட்டுமே நிஜ நிம்திதா. பின்னர் ‘தேவி’ படத்துக்காகவும் ரே இங்கே வந்தார்.

படப்பிடிப்பு நடந்தபோதே ஜமீன்தாரி முறை முடிந்துவிட்டிருந்தது. 1953-ல் வந்த சட்டம், மேற்கு வங்க ஜமீன்தார்களின் உரிமையை அரசுக்கு மாற்றியது. வீட்டின் நிலங்களில் பெரும்பகுதியை ஆறு ஏற்கெனவே விழுங்கியிருந்தது. வரி வசூல் போனது, நிலம் போனது. தூண்கள் மட்டும் மிஞ்சின.

கரை அரிப்பு இந்தப் பகுதியின் தீராத கவலை. ஜமீனுக்கு மட்டுமல்ல, கரையோரக் குடிசைகளுக்கும் ஆறு ஒரே கணக்குதான் பார்க்கிறது. மாளிகையைப் பழுதுபார்க்கப் பணம் மட்டும் போதாது, கரையும் நிற்க வேண்டும்.

அஸிம்கஞ்ச் - ஃபராக்கா ரயில் பாதையில் நிம்திதாவுக்கு ஸ்டேஷன் இருக்கிறது. கிளம்பும் முன் ‘ஜல்சாகர்’ படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்க்காமல் போனால், அது இன்னோர் இடிந்த வீடு மட்டுமே!